கார் உள்ள தெருவுக்குப் பஸ் எதற்கு

ஆரோக்கிய ராணிக்கு அன்றைக்குக் காலையில் திடீரென்று பேய் பிடித்துக்கொண்டது என்று திருப்பாதிரிப்புலியூர் செட்டிக்குளத் தெருவில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். அந்தக் கோபம் மாதக்கணக்கில் அவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருஷம் ராணியின் புருஷன் இன்னாசிராஜ் ஒரு பழைய ஆஸ்டின் கார் வாங்கினான். நெல்லிக்குப்பத்தில் வேலையாயிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்கே திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. இன்னாசிராஜுக்குக் கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் விறகுத்தொட்டி. சவுக்குக் கட்டையைப் பிளந்து எடை போட்டுக் கொடுக்கிற வியாபாரம். அதற்கு இரண்டு மாட்டு வண்டி இருந்தது, அவனுக்கு ஒரு சைக்கிள் இருந்தது. கார் எதற்கு என்று ராணி கேட்டாள். "நாலு பேரு மதிக்க வேணாமா?" என்றான். மதித்தார்கள். அதில்தான் வினையே வந்தது.

கார் வந்ததும் முதலில் போனது துவைக்கிற கல். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சந்தில்தான் துவைகல், கொடிக்கயிறு, விறகு அடுக்குகிற சார்ப்பு எல்லாம் இருந்தன. சந்துக்கு மேலே தகரம் போட்டுக் காரை உள்ளே விட்டான் இன்னாசிராஜ். விறகு மழையில் நனைந்தது. ஊருக்கெல்லாம் காய்ந்த விறகு கொடுக்கிறவன் வீட்டில் பெண்டாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஈர விறகை ஊதினாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் புகை பட்டுக் காரின் பெயிண்டு கெட்டுவிடும் என்று அந்த ஜன்னலுக்கும் ஆணி அடித்தான். முனிசிபாலிட்டிக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதில் முதல் இரண்டு வாளி காருக்கு. மிச்சம் வந்தால் குடத்துக்கு.

இத்தனையையும் ராணி பொறுத்துக்கொண்டாள். அவளுக்குச் சிதம்பரத்தில் வேலை இருந்தது. அது ஒன்று போதும் என்றிருந்தாள்.

கீழவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். டீச்சர் என்றால் தற்காலிக டீச்சர். கோடை விடுமுறை வந்தால் வேலை போய்விடும், ஜூன் மாதம் திரும்பக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று ஒவ்வொரு மே மாதமும் மாதா கோயிலில் மெழுகுவத்தி எரியும். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. இந்த வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் டி.ஐ. வந்து வகுப்பைப் பார்த்து, தகுதி உண்டு என்று எழுதிவிட்டால் வேலை நிரந்தரம். அப்புறம் ஒரு ஜூன் மாதத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை.

அவள் சிதம்பரம் போய்வந்தது தெருவுக்குள் வருகிற பஸ்ஸில். நெல்லிக்குப்பத்திலிருந்து கிளம்பி, செட்டிக்குளத் தெருவுக்குள் நுழைந்து, சோடாக் கடை முனையில் நின்று, ஓல்டு டவுன் வழியாகச் சிதம்பரம் போகும் தனியார் பஸ். வீட்டு வாசலில் நின்று செருப்பை மாட்டும்போதே ஆரன் சத்தம் கேட்கும். டிரைவருக்கு அவளைத் தெரியும். சாப்பாட்டுக் கூடையோடு அவள் ஓடி வருவதைப் பார்த்தால் கியரைப் போடாமல் இருப்பார்.

அந்த பஸ்ஸும் இந்தக் காரும் ஒருநாள் தெரு நடுவில் நேருக்கு நேர் வந்துவிட்டன. இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். பஸ்ஸில் ஊர்ப்பட்ட கூட்டம். இன்னாசிராஜுக்குக் காரை முன்னால் ஓட்டத்தான் தெரியும், பின்னால் எடுக்க இன்னும் கை வரவில்லை. எடுத்துப் பார்த்தான். பின்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவன் பார்த்துவிட்டான்.

அன்று சாயங்காலம் காரின் முகப்பில் சாய்ந்துகொண்டு காசிநாதன் பேச ஆரம்பித்தார். அவர் நாலு வீடு தள்ளிக் குடியிருந்த ரிட்டயரான ரெவின்யூ இன்ஸ்பெக்டர். தெருவே அவரை ஆர்.ஐ. மாமா என்று கூப்பிடும். அரிசிப் பஞ்சத்துக்கு என்ன செய்யலாம், ரூபாய் மதிப்பைக் குறைத்தது சரியா தப்பா, பஸ்ஸையெல்லாம் சர்க்காரே நடத்தலாமா என்று எதைக் கேட்டாலும் அவரிடம் முடிவு தயாராக இருக்கும்.

"சீமையில எங்கியாவது ஜனங்க குடியிருக்கிற தெருவுக்குள்ள பஸ்ஸு வருமா? மெயின் ரோட்டோட சரி. அங்க வூட்டுக்கு ஒரு காரு. நமக்கு இப்பத்தான் தெருவுக்கு ஒண்ணு வந்திருக்குது. நாம முன்னேறுற நேரத்துல இந்த பஸ்ஸு வந்து குறுக்க நிக்குது."

காசிநாதன் சீமையைக் கண்டதில்லை. ஜமாபந்திக் கணக்குப் பார்க்கத் திண்டிவனம் வரைக்கும் போயிருக்கிறார்.

"தூசி ஜாஸ்தி மாமா," என்றார் ஒருவர். "சத்தமும்தான்," என்றார் இன்னொருவர். "அவசரம் ஆத்திரம்னா நம்ம காரு இருக்குதே," என்றார் மூன்றாமவர். நம்ம கார்! அன்றைக்குத்தான் அந்த வார்த்தை பிறந்தது. சொந்தமாக ஒரு சைக்கிள் பெல்கூட இல்லாதவர்கள் எல்லாம் கார்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். பஸ்ஸைத் தெருவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மனு எழுதி, ஆண்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தெருவில் அந்த பஸ்ஸில் தினம் ஏறி இறங்கியவர்கள் பெண்கள். அவர்களில் ஒருத்தியைக்கூட யாரும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் ராணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"நான் எதுல போவேன்? அத யோசிச்சீங்களா?"

"காரு இருக்குதில்ல? தினம் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோயி வுடறேன். ராணி மாதிரி போ."

"எனக்கு ராணி மாதிரி போக வேணாம். டீச்சர் மாதிரி நேரத்துக்குப் போனா போதும்."

"மனு குடுத்தா ஒடனே நடந்துடுமா? போவியா," என்று சிரித்தான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தெருவுக்கு இன்னொரு குழாய் வேண்டும் என்று கொடுத்த மனு மூன்று வருஷமாக எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பஸ்ஸை எடு என்கிற மனு ஒரே மாதத்தில் நடந்துவிட்டது. கொடுக்கச் சொன்னால் கை நடுங்குகிற ஆபீசு, எடுக்கச் சொன்னால் மட்டும் எப்படித்தான் இவ்வளவு சுறுசுறுப்பாகிவிடுகிறதோ! பஸ் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மெயின் ரோட்டோடு போய்விட்டது. அங்கே நிறுத்தம் கிடையாது. ஏற வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும்.

பஸ் போனதும் மீனும் போயிற்று. ஓல்டு டவுனிலிருந்து அந்த பஸ்ஸில் கூடையோடு வருகிற வேலம்மாள் இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து கேட்டடியோடு கடையைப் போட்டுக்கொண்டாள். "ஒங்க தெருவுக்குத்தான் காரு வந்திடிச்சே. கார்ல வந்து வாங்கிக்கினு போங்க," என்றாள்.

அடுத்து வந்த மாதங்களில் அந்தக் கார் செய்யாத வேலை இல்லை. ஒருத்தர் வீட்டு மாமியாரைப் பண்ருட்டிக்குக் கொண்டுபோய் விட்டது. இன்னொருத்தர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிற்று. காது குத்துக்கு, வளைகாப்புக்கு, கோர்ட்டு வாய்தாவுக்கு. கேட்டால் இல்லை என்று சொல்ல இன்னாசிராஜுக்கு வாய் வராது. ஊரில் உள்ளவர்களுக்கு. ராணிக்கு மட்டும் நன்றாக வரும். "இன்னிக்கு ஒருநா நடந்து போயேன் ராணி, ஆர்.ஐ. மாமா கேட்டுட்டாரு." சில நாள் நடந்தாள். சில நாள் "தோ வந்துடறேன்" என்று அவளை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் போனவன் வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ரத்தினம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "டி.ஐ. வர்ற அன்னிக்கு மட்டும் லேட்டாயிடாதம்மா. அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

டி.ஐ. வருகிற தேதி தெரிந்ததும் இன்னாசிராஜ் மார்பைத் தட்டிக்கொண்டான். "அன்னிக்கி பஸ் ஸ்டாண்டு வேலையே கெடையாது. சிதம்பரம் வரிக்கும் கார்லயே போறோம். டி.ஐ. பாக்கறப்ப பள்ளிக்கூட வாசல்ல கார்லேர்ந்து எறங்கு. அப்புறம் எழுத மாட்டேன்னு சொல்லுவாரா?"

ராணிக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைக்காக அவள் அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

டி.ஐ. வருவதற்கு முந்தின நாள் காசிநாதன் வீட்டில் கல்யாணம். சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம். கார் இல்லாமல் ஊர்வலமா? ஆஸ்டினுக்குச் சாமந்தி மாலை, கதம்பம், ஜிகினா. மேலே ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, மைக் செட்டுக்கார ஆண்டி காரின் பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்துப் பாட்டுப் போட்டான். தேரோடும் வீதியெல்லாம் சுற்றிவிட்டு வந்தார்கள். ராணி போகவில்லை. அவள் வெள்ளாற்றின் படத்தைச் சார்ட்டு அட்டையில் வரைந்து நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்தப் பாடம்தான் நடத்தப்போகிறாள்.

காலையில் கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டி, சார்ட்டைச் சுருட்டி, மகள் சகாயசெல்வியைப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளிடம் விட்டுவிட்டு, ராணி காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். வாடிய சாமந்தி வாசனை குப்பென்று அடித்தது.

இன்னாசிராஜ் கிளப்பவில்லை. கண்ணாடியைத் துடைத்தான். மாலையைக் கழற்றினான், பாதியில் விட்டான். டயரை உதைத்துப் பார்த்தான். மறுபடி கண்ணாடியைத் துடைத்தான். துடைக்கிற கை இங்கே, கண் தெருமுனையில்.

"யாரப் பாக்கறீங்க?"

"யாரையுமில்ல. ரெண்டு நிமிஷம்."

"முதல் பஸ்ஸு போயிருக்கும். நான் நடந்துருப்பேன். கார்ல போறோம்னீங்களே, எடுங்க."

"எடுக்கறேன் ராணி. அவசரப்பட்டா எப்படி?"

எதிர்வீட்டு ரேடியோவில் செய்தி வாசித்து முடித்தார்கள். தங்கம்மாள் வாசலைக் கூட்டி முடித்தாள். காசிநாதன் கல்யாண வீட்டுக் களைப்போடு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். "இன்னா மாப்ள, கெளம்பலியா? ஸ்டார்ட் ஆவலன்னா சொல்லு, நாலு பேரு தள்ளிவுட்டா பறக்கும். டேய், வாங்கடா!" தெருவில் நின்றிருந்த ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"வேணாம் மாமா," என்றான் இன்னாசிராஜ். "தள்ளினாலும் ஆவாது."

"ஏன் ஆவாது?"

அவன் தலையைச் சொறிந்தான். "பேட்டரி இல்ல."

ராணி சார்ட்டை மடியில் வைத்தாள். "பேட்டரி இல்லன்னா?"

"நேத்து ஊர்வலம் முடிஞ்சதும் ஆண்டி கேட்டான். சேத்தியாத்தோப்புல இன்னொரு கல்யாணம். அங்க கரண்ட்டு நம்ப முடியாது, மைக் செட்டுக்கு வேணும்னு. விடியறதுக்குள்ள கொண்டாந்து மாட்டிடணும்னு சொல்லித்தான் குடுத்தேன். வந்துடுவான்."

"நல்ல பையன்தான்," என்றார் காசிநாதன். "நாந்தான் குடுக்கச் சொன்னேன். நம்ம காருதானேன்னு."

தள்ள வந்த ஆண்கள் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

"நேத்தே தெரியுமா ஒங்களுக்கு?" ராணியின் குரல் சின்னதாக இருந்தது. "ராத்திரி சோறு போட்டேனே, அப்பவே தெரியுமா? சார்ட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே, அப்பவுமா?"

"நீ கவலப்படுவியேன்னு..."

"நேத்தே சொல்லியிருந்தா நான் விடியக்காத்தால எழுந்து நடந்து போயிருப்பேன்! எனக்குக் காலு இல்லியா? என் காலத்தான் ஒடச்சி இந்தச் சந்துல கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கீங்களே!"

அப்புறம் அவளுக்குக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ. பேட்டரி போனதற்காக மட்டும் கத்தவில்லை. துவைகல்லுக்காகக் கத்தினாள், ஈர விறகுக்காகக் கத்தினாள், ஆணி அடித்த ஜன்னலுக்காகக் கத்தினாள். சமாதானம் சொல்ல வாயெடுத்த காசிநாதன் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

"ஆர்.ஐ. மாமா, கையெழுத்துப் போட்டீங்கல்ல? நீங்கல்லாம் போட்டீங்கல்ல? நம்ம காரு இருக்குது, பஸ்ஸு எதுக்குன்னு? சரி, காரு இருக்குது. நான் கார்ல உக்காந்துட்டேன். தள்ளுங்க."

"தள்ளினா ஸ்டார்ட் ஆவாதும்மா, பேட்டரி..."

"ஸ்டார்ட் ஆவறதுக்குத் தள்ளச் சொல்லல மாமா. பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்குத் தள்ளச் சொல்றேன். தள்ளுங்க!"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இன்னாசிராஜ் அவமானத்தில் முகம் கறுத்துப்போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். எல்லா வாசலிலும் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். தங்கம்மாள் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே தன் புருஷனைப் பார்த்தாள். முதலில் குனிந்தது அந்த மனுஷன்தான். அப்புறம் மற்றவர்கள். கடைசியில் காசிநாதனும் கையை வைத்தார்.

கார் நகர்ந்தது. முந்தின நாள் மேளதாளத்தோடு போன அதே தெருவில், பாதி கழன்ற மாலையைத் தரையில் இழுத்துக்கொண்டு ஆஸ்டின் போயிற்று. பின்னால் மூச்சு இரைத்தது. ஒருத்தன் சிரிக்கப் பார்த்தான், ராணி திரும்பியதும் அடக்கிக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் டி.ஐ. வந்து உட்கார்ந்திருப்பார், நாற்காலி காலியாக இருக்கும் என்பது மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

கேட்டைத் தாண்டினால் மெயின் ரோட்டில் இறங்குகிற சின்னச் சரிவு. தள்ளினவர்கள் கை ஓய்ந்து காரை விட்டுவிட்டார்கள். கார் தானே உருண்டு போய் ரோட்டின் நடுவில் குறுக்காக நின்றுகொண்டது. இன்னாசிராஜ் பிரேக்கை மிதித்தது அதற்கு அப்புறம்தான்.

அப்போது ஆரன் சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரிந்த ஆரன். அதே கம்பெனியின் இரண்டாவது பஸ், சிதம்பரத்துக்கு. போக வழியில்லாமல் காருக்கு முன்னால் வந்து நின்றது.

ராணி சார்ட்டையும் கூடையையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். கண்டக்டர் படியில் கையை நீட்டி மறித்தான். "இங்க ஸ்டாப்பிங் கெடையாதும்மா. ஒங்க தெருக்காரங்கதான எழுதிக் குடுத்து எடுத்தீங்க?"

"ஸ்டாப்பிங் கெடையாதுன்னா இது இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்குது? நின்னுட்டுத்தான இருக்குது? நவுரு!"

"ஏத்திக்கடா டீச்சர!" என்று வேலம்மாள் மீன் கத்தியோடு எழுந்தாள். "பொம்பளைங்களா கையெழுத்துப் போட்டாங்க? தோ, காரு பின்னால மூச்சு வாங்கிக்கினு நிக்குதுங்க பாரு, அதுங்க போட்டது!"

கண்டக்டர் கையை எடுத்தான். வாங்கின நாளிலிருந்து அந்தக் கார் செய்த உருப்படியான காரியம் அன்றைக்கு அந்த பஸ்ஸை நிறுத்தினது ஒன்றுதான்.

ஆனாலும் நேரம் போனது போனதுதான். ராணி பள்ளிக்கூடத்துக்குள் ஓடியபோது முதல் பாடவேளை முடிந்திருந்தது. மூன்றாம் வகுப்பில் டி.ஐ. உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு அவரே வாய்ப்பாடு கேட்டிருந்தார். பிள்ளைகள் நன்றாகச் சொல்லியிருந்தார்கள். ராணி வெள்ளாற்றை மாட்டிப் பாடம் நடத்தினாள். கடைசி வரைக்கும் இருந்து கேட்டுவிட்டு அவர் வெளியே வந்தார்.

"பாடம் நல்லா நடத்துறீங்க. பிள்ளைங்களும் நல்லா படிக்குது. ஆனா எங்கேயிருந்து வர்றீங்க?"

"கடலூருங்க சார். திருப்பாதிரிப்புலியூர்."

"இதுதாங்க தொல்லை. டீச்சர் பள்ளிக்கூடம் இருக்கிற ஊர்லதான் குடியிருக்கணும்னு சொல்லிட்டே இருக்கோம், யாரும் கேக்கிறதில்ல. இன்ஸ்பெக்ஷனுக்கே லேட்டா வந்தா சாதாரண நாள்ல எப்படி வருவீங்க? நான் என்னன்னு எழுதுறது?"

ரத்தினம்மாள் என்னவோ சொல்ல வந்தார். ராணி முந்திக்கொண்டாள்.

"இங்கியே இருக்கேன் சார்."

"எப்போலேருந்து?"

"இந்த வாரத்துலேருந்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. டி.ஐ. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "குடி வந்துட்டு வீட்டு விலாசத்த ஹெட்மிஸ்ட்ரஸ் மூலமா அனுப்புங்க. கெடச்சதும் எழுதறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியான இடைவேளையில் ரத்தினம்மாள் தன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு போர்ஷன் காலியாக இருப்பதைக் காட்டினார். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பின்னால் கிணறு. கிணற்றடியில் ஒரு துவைகல். ராணி அந்தக் கல்லின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அங்கேயிருந்து பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்தபோது கார் சந்துக்குள் நின்றிருந்தது. அதைச் சுற்றி அதே ஆட்கள். காலையில் பட்ட அவமானத்தை மத்தியானமே துடைத்துப் போட்டுவிட்டார்கள். "ஆண்டி கொண்டாந்து மாட்டிட்டான் ராணி!" என்றான் இன்னாசிராஜ். "தொட்டதும் ஸ்டார்ட் ஆயிடிச்சி! எல்லாம் சரியாப் போச்சி. நாளைலேர்ந்து ஒனக்கு அப்புறந்தான் யாருக்கும்." காசிநாதன் ஒரு யோசனை சொன்னார். இந்த ஆண்டியைப் போன்றவர்களுக்கு லைசென்சு முறை கொண்டுவந்து சர்க்கார் கட்டுப்படுத்த வேண்டுமாம்.

ராணி உள்ளே போய்ப் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினாள்.

சேதி கேட்டதும் இன்னாசிராஜ் முதலில் சிரித்தான், அப்புறம் கத்தினான், அப்புறம் பாத்திரங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டான். "புருஷன வுட்டுட்டுத் தனியா போய்க் குடியிருந்தா ஊரு இன்னா பேசும்?"

"நம்ம தெருவுக்குப் பேசறதுக்கா விஷயம் இல்ல? அரிசி இருக்குது, ரூபா இருக்குது, சீமை இருக்குது. பேசட்டும்."

"கோவத்துல பேசாத. தெனம் சிதம்பரம் வரிக்கும் நானே கார்ல கொண்டுபோயி வுடறேன். மாதா சத்தியமா."

"மாதாவ இழுக்காதீங்க. ஒங்களுக்கு என்னத் தவிர எல்லார் மேலயும் எரக்கம். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தீங்க. என் வேலையையும் எடுத்துக் குடுத்தீங்களே, அத யாரு கேட்டா ஒங்கள?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்டுப் பாவப்பட்டுத்தான் இந்த நிலைமைக்கு வந்தோம் என்று அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. "சாமான கார்லயாவது ஏத்திக்கினு வரேன்," என்றான். வேண்டாம் என்றாள். சனிக்கிழமை விடியற்காலை விறகுத்தொட்டியின் மாட்டு வண்டியில் கட்டிலும் பாத்திரமும் டிரங்குப் பெட்டியும் ஏறின. வண்டியோட்டி கோவிந்தசாமி அவற்றைச் சிதம்பரம் வரைக்கும் ஒரு கரண்டி தவறாமல் கொண்டுவந்து சேர்த்தான். ராணியும் சகாயசெல்வியும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் பஸ்ஸில் போனார்கள். நடந்து போகும்போது தெருவே வாசலில் நின்று பார்த்தது. தங்கம்மாள் மட்டும் கூடவே நடந்து வந்து, பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சமைத்துச் சாப்பிட்டு வெகுநேரம் ஆன பிறகு, வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. இன்னாசிராஜ். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வேட்டியெல்லாம் செம்மண் புழுதி. சகாயசெல்வி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, காரு எங்க?"

"நம்ம தெரு தில்லைநாதன் வூட்டு வளைகாப்புக்குக் கேட்டாங்கம்மா. குடுத்துட்டேன்."

ராணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். துடைத்த வேகத்தில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது இன்னா அநியாயம் ராணி! கேட்டடியில ரெண்டு மணி நேரம் நிக்கறேன். மூணு பஸ்ஸு போவுது. கைய காட்டறேன், ஒருத்தனும் நிறுத்த மாட்டேங்கறான். ஸ்டாப்பிங் இல்லன்னுட்டுக் கண்டக்டர் சிரிக்கறான். அந்த மீன்காரி வேற சிரிக்கறா. வெய்யில்ல பஸ் ஸ்டாண்டு வரிக்கும் நடந்தேன். அவ்வளவு ஜனம் குடியிருக்கிற தெரு. மனுஷன் அவசரத்துக்கு எப்படிப் போவான்? இதையெல்லாம் கவர்ன்மெண்ட்டுல ஒருத்தன் யோசிக்க வேணாமா?"

அவன் நிஜமாகவே கேட்டான். அவன் முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. அந்த மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது.

"சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

சோறு போட்டாள். மிச்சம் இருந்த மீன் குழம்பை ஊற்றினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அறையையும் திறந்திருந்த ஜன்னலையும் கிணற்றடியில் காய்ந்த துணியையும் சுற்றிப் பார்த்தான். "எப்பம்மா வூட்டுக்கு வருவ?" என்று கேட்டான். கேட்டது மகளைப் பார்த்து. பதில் வர வேண்டியது யாரிடமிருந்து என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"பஸ்ஸ எடுக்கச் சொல்லி எத்தினி பேரு கையெழுத்துப் போட்டீங்களோ, அத்தினி பேரும் மறுபடி போட்டுக் குடுங்க," என்றாள் ராணி. "இந்தத் தடவ பொம்பளைங்களையும் போடச் சொல்லுங்க. அந்த பஸ்ஸு என்னிக்கு நம்ம சோடாக் கடை முனையில வந்து நிக்குதோ, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நானும் பாப்பாவும் அதுல வந்து எறங்கறோம். ஞாயித்துக்கிழமை இருந்துட்டு வரோம்."

"அதுக்கு மாசக்கணக்காவுமே. அதுவரிக்கும் நான் கார்ல வந்து..."

"கார அனுப்பாதீங்க," என்றாள். "கெளம்புங்க. கடைசி பஸ் போயிடும். இங்கியும் அது யாருக்காவும் நிக்காது."